சப்பரத்துக்கு மட்டும் நகரும் கற்கள்

கொடிக்கால் வீதிக்குள் போலீஸ் ஜீப் மூக்கை நுழைத்தது. நுழைத்த வேகத்திலேயே பின்வாங்கியது. இருபுறத்துப் படிக்கற்களும் அதன் இரண்டு கன்னங்களையும் ஒருசேர உரசிவிட்டன.

“தொரை, ஜீப்புக்கு ரெண்டு கன்னத்துலயும் காயம். நம்ம ஸ்கூட்டர் மட்டும் புதுமாப்பிள்ளை கணக்கா உள்ள வந்துருச்சு” என்றான் கருத்தப்பாண்டி.

அவன் மலைமேல் தேயிலை எஸ்டேட்டுகள் சூழ்ந்த மாட்டுப்பட்டியில் பிறந்தவன். பால் லாரிகளில் கிளீனராக மலையேறியும் மலையிறங்கியும் அலுத்த பிறகு, துப்பறிவாளர் ஈஸ்வரமூர்த்தியிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். எஸ்டேட் மேலாளரைத் ‘தொரை’ என்று அழைத்துப் பழகிய வாய் அது. ஆகவே, கொல்லங்கோட்டில் சைக்கிள் கடையின் மாடியில் ஒற்றை அறை வைத்திருந்த ஈஸ்வரமூர்த்தியும் அவனுக்குத் ‘தொரை’ ஆகிவிட்டார். அவருக்கு அந்தப் பட்டத்தில் விருப்பமில்லை. மறுத்துரைக்கும் பொறுமையும் இல்லை.

ஈஸ்வரமூர்த்தி ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஜீப்பை விட மாட்டுவண்டிதான் அகலம். ஜீப் போகாத வீதியில வண்டி மட்டும் எப்படிப் போகுது, பாண்டி?”

கருத்தப்பாண்டி குனிந்து நோக்கினான். மழைக்காலத்தில் வாய்க்கால் நீர் தெருவுக்குள் ஏறுமாம்; அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் படி போட்டிருந்தார்கள். இருபுறத்துக் கற்களும் தெருவின் அகலத்தை ஆளுக்குக் கொஞ்சமாக விழுங்கியிருந்தன.

“சக்கரம் கல்லுக்கு நடுவுல போகுது தொரை. சக்கரத்தோட குடம் கல்லுக்கு மேலாக்க போகுது. ஜீப்புக்கு இடுப்பே பெருசு, அதான் கல்லுல இடிக்கி” என்றான்.

ஈஸ்வரமூர்த்தி தலையசைத்தார். அந்த விடை அவருக்குப் பிடித்திருந்தது. அந்தத் தெரு அவருக்குப் பிடிக்கவில்லை. கருத்தப்பாண்டிக்கும் பிடிக்கவில்லை. கோவிந்தாபுரத்துக்கு அருகே, கேரளத்தின் எல்லையோரத்துக் கருவேலம்பதியில் இவ்வளவு துப்புரவான தெருவை அவன் கண்டதில்லை. அந்தத் துப்புரவுதான் அவனை உறுத்தியது. வீதி ஒரு பெரிய வீட்டின் மொட்டைச் சுவரில் முட்டி முடிந்தது. சென்ற வெள்ளிக்கிழமை விடியலில் அந்தச் சுவரின் அடியில்தான் வேதமுத்து நசுங்கிக் கிடந்தான். பொள்ளாச்சியிலிருந்து சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கொண்டுவந்து விற்பவன்; காலை வியாபாரத்துக்கு முந்திக்கொள்வதற்காக முன்னிரவே வந்து அங்கே படுத்துக்கொள்வது அவன் வழக்கம். அவன் உயிர்விட்ட இடத்தை இப்போது சாணமிட்டு மெழுகி, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் கோலம் போட்டிருந்தார்கள்.

வேதமுத்துவின் உடல்மீது நின்றது குப்பண்ணனின் மாட்டுவண்டி. இந்த முட்டுத் தெருவில் மாடுகளோடு வண்டியைத் திருப்ப முடியாது. ஆகையால் வண்டிக்காரர்கள் தெருவின் வாயிலேயே மாடுகளை அவிழ்த்துவிட்டு, வண்டியைப் பின்புறமாகத் தள்ளிக்கொண்டு வருவார்கள். குப்பண்ணன் இருட்டில் பின்னால் பாராமல் தள்ளி, உறங்கிக்கொண்டிருந்தவனைச் சுவரோடு நசுக்கிவிட்டான் என்று தெரு முழுவதும் ஒரே வாயாகச் சொல்லிற்று. இவ்வீதிக்குள் மாட்டுவண்டியைத் தவிர வேறெந்தக் கனத்த வண்டியும் நுழையாது. ஆகவே குற்றவாளியும் வேறு எவனும் ஆகமுடியாது. குப்பண்ணன் லாக்கப்பில் இருந்தான். உச்சிப்பொழுதுக்குள் சம்பவ இடத்து அறிக்கையான மகஸரை எழுதி முடித்து, அவனைப் பாலக்காட்டுக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஏசுதாஸுக்கு மேலிடத்து உத்தரவு.

ஏசுதாஸ் கெட்டவரல்லர், களைத்தவர். ஈஸ்வரமூர்த்தி கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, மகஸரில் கையெழுத்து வாங்குவதைச் சற்றே ஒத்திவைத்திருந்தார். “காணிக்கிறதுண்டெங்கில் காட்டித் தாரும். இல்லேன்னா எனக்கு எழுதாம வேற வழியில்லை” என்று மலையாளத்தையும் தமிழையும் பிசைந்து சொல்லிவிட்டு, ஜீப்பின் நிழலில் நின்றுகொண்டார்.

ஊரார் பண்ணாடி என்று அழைக்கும் பொங்கியண்ணன், முடிவிலிருந்த பெரிய வீட்டிலிருந்து வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் அகன்ற திருநீறு. நெல் வயலும், தென்னந்தோப்பும், வீட்டோடு சேர்ந்த பெரிய கிடங்கும் உடையவர். வீதியின் தகுதியைப் பற்றி அவர் ஒரு பேருரையே நிகழ்த்தினார். சைக்கிள் தாராளமாக வரலாம், ஸ்கூட்டருக்கு மறுப்பில்லை, மாட்டுவண்டி முறைப்படி பின்னால் தள்ளிவந்தால் வரலாம். கார் நினைக்கவே கூடாது. பங்குனியில் மாரியம்மன் சப்பரம் புறப்படும்போது மாத்திரம் படிக்கற்களைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். திருவிழா முடிந்ததும் மறுபடி பதித்துவிடுவார்கள். மனிதனுக்காக அந்தக் கற்களை அசைத்த வழக்கமே கிடையாது.

“அம்மனுக்கு மட்டுந்தானுங்க இந்தக் கல்லு நகரும். இந்த வருசம் சப்பரத்து அச்சு முறிஞ்சு போச்சு. அதனால அம்மனும் பொறப்படலீங்க. போன பங்குனிக்கு முந்தின பங்குனியில பதிச்ச கல்லு அப்படியே கெடக்குதுங்க” என்று முடித்து, இரு கைகளையும் விரித்துக் காட்டினார்.

விரித்த வலக்கையின் நடுவே ஒரு கொப்புளம் உடைந்து காய்ந்திருந்ததைக் கருத்தப்பாண்டி கண்டான். பண்ணாடிக்கு அடுப்படி வேலையும் உண்டு போலும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டான்.

குப்பண்ணனின் மனைவி நாச்சம்மாள்தான் ஈஸ்வரமூர்த்தியை வரவழைத்தவள். அவள் வீடு தெருவின் நடுவில், பண்ணாடி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தது. ஆனால், தன் கணவனைக் காப்பாற்ற ஆள் தேடிப் போனவள், நேரில் வந்தவர்களிடம் ஒன்றுமே சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விடியலில் என்ன நடந்தது என்று எப்படிக் கேட்டாலும் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். வாசலுக்குப் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தண்ணீர்ச் சொம்பை மட்டும் கொண்டுவந்து நீட்டினாள், அதையும் இடக்கையால்.

“என்னம்மா, மலங்காட்டான்னா இடக்கையில குடுத்தாப் போதும்னு நெனச்சுட்டீகளா?” என்று கருத்தப்பாண்டி கேலியாகக் கேட்டான்.

நாச்சம்மாள் வெட்கத்தோடு வலக்கையை முந்தானைக்குள் மறைத்தாள். மறைப்பதற்குள் அவன் பார்த்துவிட்டான். பண்ணாடியின் உள்ளங்கையில் இருந்த அதே இடத்தில், அதே காய்ந்த கொப்புளம். அவன் ஈஸ்வரமூர்த்தியின் காதோரம் அதைச் சொன்னான்.

“சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்காங்க” என்றார் அவர் தாழ்ந்த குரலில். “எரியிற சூடத்தை வெறுங்கையால அடிச்சு, வாய் தொறக்க மாட்டோம்னு. வீதி மொத்தமும். குப்பண்ணனும் சேர்த்துத்தான்.”

அதன்பிறகு அவர் வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்கவில்லை. வேறொரு கேள்வி கேட்டார். இந்தத் தெருவுக்குள் என்றைக்காவது ஒரு கார் வந்ததுண்டா?

அதற்கு நாச்சம்மாள் வாய் திறந்தாள். சத்தியம் அதைத் தடுக்கவில்லை. போன மார்கழியில் அவள் மகள் கமலாத்தாளுக்கு இடுப்புவலி கண்டது. தலைச்சன் பிள்ளை, குறுக்கே கிடந்தது. கொல்லங்கோட்டிலிருந்து டாக்சி வந்து தெருவின் வாயில் நின்றது. கற்களைக் கொஞ்சம் பெயர்த்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். குப்பண்ணன் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கெஞ்சினான். அம்மனுக்கு நகர்த்தும் கல்லை அடுத்தவர் பேறுகாலத்துக்கு நகர்த்தக்கூடாது என்று பண்ணாடி தீர்ப்புச் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போய்ச் சாலையைச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. மகள் பிழைத்தாள், இப்போது தன் மாமியார் ஊரில் யாரோடும் பேசாமல் இருக்கிறாள்.

“கல்லு நகராதுன்னு சொன்னாங்க. நாங்களும் நம்புனோமுங்க” என்றாள் நாச்சம்மாள். அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகையே இல்லை.

கருத்தப்பாண்டிக்கு வாயில் இருந்த தண்ணீர் கசந்தது.  எழுந்து வாசலுக்கு வந்து, படிக்கல்லில் காலை வைத்தான். கல் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து ஆடியது. அவன் தடுமாறித் தெருவில் உட்கார்ந்தான்.

“என்ன பாண்டி, சப்பரம் கிளம்பிருச்சா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“கல்லு ஆடுது தொரை. ஒன்றரை வருசமா பதிஞ்சு கெடக்குற கல்லு ஆடுமா? அடியில மண்ணும் பச்சையாக் கெடக்கு.”

ஈஸ்வரமூர்த்தி எழுந்து வந்தார். கல்லைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். பொங்கலுக்கு ஒவ்வொரு வீட்டிலும் சுவரின் அடிப்பகுதியையும் படிக்கல்லையும் சேர்த்தே பூசுவது இந்தப் பக்கத்து வழக்கம். நாச்சம்மாள் வீட்டுச் சுவரில் வெறும் சுண்ணாம்பு. கல்லிலோ தடித்த காவிப் பட்டைகள். அந்தப் பட்டைகள் சுவரை எட்டியதும் திடீரென்று அறுந்து நின்றன. ஈஸ்வரமூர்த்தி விறுவிறுவென்று பண்ணாடி வீட்டு வாசலுக்கு நடந்தார். அங்கே சுவர் முழுவதும் காவிப் பட்டைகள். அதன் அடியில் நாதியற்று ஒரு வெறும் வெள்ளைக்கல்.

“பண்ணாடி வீட்டுக் கல்லு குப்பண்ணன் வாசல்ல கெடக்குது. குப்பண்ணன் கல்லு இங்க கெடக்குது” என்றார். “சுவரும் கல்லும் ஒரே நாள்ல பூசினதுதானே? பொங்கலுக்கு அப்புறம் கல்லுங்க எந்திரிச்சு நடந்திருக்குது.”

ஏசுதாஸ் ஜீப்பின் நிழலைவிட்டு வந்தார். ஈஸ்வரமூர்த்தி அவரிடம் ஒன்று கேட்டார்: கோவிலில் சப்பரத்துக்கு அளவெடுக்கும் மூங்கில் இருக்கும், அதைக் கொண்டுவரச் செய்யவேண்டும். சப்பரம் புறப்படுமுன் அந்த மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு தெருவின் நெடுகிலும் நடப்பார்கள். எதில் இடிக்கிறதோ அதை அகற்றுவார்கள். அம்மன் மூங்கிலை அன்னியர் தொடக்கூடாது என்று பொங்கியண்ணன் குறுக்கிட்டார். கான்ஸ்டபிள் அதற்குள் எடுத்தே வந்துவிட்டான்.

கற்களுக்கு மேலாக, சுவருக்குச் சுவர் மூங்கிலைப் பிடித்தார்கள். இருபக்கமும் ஒரு சாண் மிச்சம் நின்றது.

“பாண்டி, லாரிக்கு எவ்வளவு அகலம்?”

“அளவெல்லாம் எனக்குத் தெரியாது தொரை. லாரியோட பின்பலகையில குறுக்கப் படுத்துத்தான் மலையில ராத்திரி தூங்குவேன். நான் காலை நீட்டுனா அந்தப் பக்கம் ரெண்டு சாண் மிஞ்சும்.” அவன் சட்டென்று கோலத்தை மிதிக்காமல் தெருவில் நீட்டிப் படுத்தான். மூங்கிலை அவன் பக்கத்தில் கிடத்தினார்கள். அவன் பாதத்துக்கு அப்பால் மூங்கில் இரண்டு சாணும் அதற்குமேல் கொஞ்சமும் நீண்டது.

“அம்மனும் லாரியும் ஒரே இடுப்பு” என்றான் படுத்தபடியே. “கல்லைப் பேத்துட்டா லாரி ரிவர்ஸுல சுவர் வரைக்கும் வரும்.”

ஈஸ்வரமூர்த்தி நடந்ததைக் கூட்டிச் சொன்னார். இந்த எல்லையோரத்தில் எல்லோரும் அறிந்த தொழில்தான்: தமிழ்நாட்டிலிருந்து அரிசியைச் சோதனைச் சாவடிக்குத் தெரியாமல் வயல்வழியே கொண்டுவந்து, பண்ணாடியின் கிடங்கில் சேர்க்கிறார்கள். மூட்டைகளைத் தலைச்சுமையாகச் சாலைக்குக் கொண்டுபோனால் நாலு கண் பார்க்கும். ஆகவே அந்த விடியலில் தெருவே திரண்டு கற்களைப் பெயர்த்தது. லாரி பின்புறமாக ஏறி வந்தது. சுவரடியில் உறங்கியவனை யாரும் பார்க்கவில்லை. லாரி போனதும் குப்பண்ணனின் வண்டியை அவன்மேல் தள்ளி நிறுத்திவிட்டு, கற்களை இருட்டில் அவசரமாகப் பதித்தார்கள். அவசரத்தில் இரண்டு கற்கள் இடம் மாறிவிட்டன.

சுற்றி நின்றவர்களின் முகங்களைக் கருத்தப்பாண்டி பார்த்தான். ஒருவர் முகத்திலும் திடுக்கிடல் இல்லை. எல்லா முகங்களும் தரையை நோக்கின. பிள்ளைப்பேற்றுக்கு அசையாத கைகள், அரிசிக்கு அசைந்திருக்கின்றன. அவனுக்குத் துப்பவேண்டும் போலிருந்தது. கோலத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

பொங்கியண்ணன் மட்டும் சிரித்தார்.

“ஏனுங்க தம்பி, கல்லு மாறிக் கெடந்தா லாரி வந்துச்சுன்னு ஆயிருமுங்களா? வாய்க்காத் தண்ணி ஏறுனப்ப நாங்களே எடுத்து அடி மண்ணைச் சரிபண்ணிப் போட்டோம். முன்னாடியே சொல்ல மறந்துட்டேன். லாரி எங்கீங்க? அரிசி எங்கீங்க? கிடங்கைத் தொறந்து காட்டட்டுங்களா?”

திறந்து காட்டவும் செய்தார். உள்ளே ஓர் அரிசிமணிகூட இல்லை. ஏசுதாஸ் பெருமூச்சுவிட்டு, மகஸர்க் காகிதத்தை விரித்தார். பூச்சுப் பட்டையைக் கோர்ட்டில் யாரும் ஏற்கமாட்டார்கள் என்றார். அது உண்மைதான் என்பது கருத்தப்பாண்டிக்கே தெரிந்தது. தெருவில் ஒருவர்கூட வாய் திறக்கப் போவதில்லை. கையெழுத்திடுவதற்குப் பண்ணாடி தம் பேனாவையே நீட்டினார்.

நாச்சம்மாள் தன் வீட்டு வாசலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வரவேண்டும் என்று தோன்றியது போலும். நிலைப்படியிலிருந்து பக்கவாட்டில் மண்ணில் குதித்து இறங்கினாள். வயதான உடம்பு, முழங்கால் நோவில் முகம் சுளித்தது.

“இந்தம்மா எதுக்கு இப்படிக் குதிக்காக?” என்று கருத்தப்பாண்டி முணுமுணுத்தான். “தண்ணி கொண்டாரும்போதும் அப்படித்தான் இறங்குனாக. பண்ணாடி கல்லுன்னு மரியாதையோ என்னமோ.”

ஈஸ்வரமூர்த்தி நின்ற இடத்திலேயே நின்றார். நாச்சம்மாள் வாசலின் பக்கவாட்டு மண்ணைப் பார்த்தார். அங்கே மிதித்து மிதித்து ஒரு சிறு பள்ளமே விழுந்திருந்தது. கல்லின் மேலோ ஒரு காலடித் தூசிகூட இல்லை. கருத்தப்பாண்டியின் கால் பட்ட ஒரே ஒரு தடம்தான்.

“சார், கையெழுத்துப் போடறதுக்கு முந்தி ஒரு கல்லை மட்டும் தூக்கிப் பாக்கலாம்” என்றார். “இந்த வாசல்ல கெடக்குற பண்ணாடி ஊட்டுக் கல்லு. அவரே வந்து ஒரு கை பிடிக்கட்டும்.”

பொங்கியண்ணனின் சிரிப்பு முதன்முறையாக இடையிலே நின்றது. அவர் கை பிடிக்கவில்லை. கான்ஸ்டபிளும் கருத்தப்பாண்டியும் கல்லின் இரு முனைகளையும் பிடித்துப் புரட்டினார்கள்.

கல்லின் அடியில், பச்சை மண்ணில் அழுந்திக் கிடந்தது ஒரு அலுமினியத் தட்டு. புத்தம் புதிது, சப்பையாக நசுங்கியது. மாட்டுவண்டியின் இரும்புப் பட்டை ஏறியிருந்தால் அது கத்தியால் அறுத்ததுபோல் வெட்டுப்பட்டிருக்கும். வெட்டில்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும், அச்சில் வார்த்ததுபோல், வரிவரியாக டயரின் பூ பதிந்திருந்தது. இரட்டை டயர், நடுவே ஓர் இடைவெளி.

“பின்சக்கரம்” என்றான் கருத்தப்பாண்டி. 

ஏசுதாஸ் தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேதமுத்துவின் சைக்கிளில் கட்டியிருந்த மிச்சத் தட்டுகள் ஸ்டேஷனில் இருக்கின்றன. இதுவும் அவற்றின் கூடப்பிறந்ததுதான். கல் கிடந்த இடத்தில் கல் இருந்திருந்தால் தட்டு அதன் அடியில் போயிருக்க முடியாது. லாரி வந்தபோது கல் இல்லை. இவ்வளவுக்கும் வாய்ச்சாட்சி ஒன்றுகூட வேண்டியதில்லை. மகஸரை அவர் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குப்பண்ணனை இன்று பாலக்காட்டுக்குக் கொண்டுபோகப் போவதில்லை என்று நாச்சம்மாளைப் பார்த்தே சொன்னார். மாலைக்குள் விட்டுவிடுவதாகவும் சொன்னார். பிறகு பண்ணாடியின் பக்கம் திரும்பி, “தாங்கள் வரணும்” என்றார். அந்த மரியாதையில் ஒரு துளி மரியாதையும் இல்லை.

கருத்தப்பாண்டிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. “தொரை, தட்டு தானா உருண்டு அங்கன போய்ப் படுத்துச்சா?”

“இருட்டுல எந்தக் கல்லு எந்த ஊட்டுதுன்னு யாரோ ஒருத்தர் மாத்திக் கை காட்டியிருக்கோணும்” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “பேசமாட்டேன்னுதான் சத்தியம். கை காட்டமாட்டேன்னு இல்லை. குனிஞ்சு ஒண்ணைக் கீழ வைக்கமாட்டேன்னும் இல்லை. செத்தவன் பொருளை மிதிக்க மட்டும் அவங்களுக்கு மனசு வரலை.”

நாச்சம்மாள் அவரைப் பார்க்கவில்லை.  காய்ந்த கொப்புளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

கல்லும் கோர்ட்டுக்குப் போகவேண்டும் என்றார் ஏசுதாஸ். நான்கு ஆள் தூக்கும் கனம். ஜீப்பை உள்ளே கொண்டுவரும்படி டிரைவரிடம் கைகாட்டினார். டிரைவர் தயங்கி, கற்களைக் காட்டினான்.

யாரும் யாருக்கும் உத்தரவிடவில்லை. வாசலுக்கு வாசல் கடப்பாரைகள் வெளிவந்தன. சற்றுமுன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தங்கள் தங்கள் படிக்கல்லைத் தாங்களே பெயர்த்து, போட்டி போட்டுக்கொண்டு சுவரோரம் சாய்த்தார்கள். ஒருவர் கல்லை ஒருவர் தாங்கினார். தாங்கியவர்கள், தங்களுக்கும் லாரிக்கும் எவ்வித உறவும் இல்லை என்று எஸ்.ஐ.யின் காதில் விழும்படி பேசினார்கள். தெரு கண்முன்னே அகன்றது. ஜீப் இருபக்கமும் தாராளமாக இடம் விட்டு, ஒரு கீறலும் படாமல் கோலத்தின்மேல் ஏறி வந்து நின்றது.

நாச்சம்மாள் தெருவின் வாயையும், தன் வீட்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். போன மார்கழியில் டாக்சி நின்ற இடத்துக்கும் கட்டில் கிடந்த இடத்துக்கும் இடையே இப்போது ஒரு கல்லும் இல்லை.

“இன்னைக்குக் கல்லு நல்லா எந்திரிக்குதுங்க” என்றாள்.